வரி விதிக்கத்தக்கவை

சுங்கக் கந்தோரில் நான் கடைசிக் கிளாக்கர்.
அதனால் விடிந்ததும் என்னை அனுப்பினார்கள்.
ஒரு பென்சில், இரண்டு கார்பன் தாள்,
விமானத்துக்கு முந்தி
மதராஸிலிருந்து தந்தியில் வந்துவிட்ட சரக்குப் பட்டியல்.

மழை விட்டிருந்தது. வாடை விடவில்லை.
தம்பலகாமக் குடாவின் ஓரத்தில்
கண்டல் மரங்கள் ஒரே மட்டத்தில் தலை அறுந்து நின்றன,
சலூன்காரன் மெஷினை வைத்து
ஒரே இழுப்பில் இழுத்துவிட்டதுபோல்.
அந்தக் கோடு முடிகிற சேற்றில் டக்கோட்டா.
"சீனன்குடா ஓடுபாதைக்கு இன்னும் எழுநூறு யார்"
என்றேன், கண்ணால் அளந்து.
"எழுநூற்றுப் பத்து" என்றார் ஃபான் டோர்ட் துரை.
அவர் நடந்து பார்த்திருந்தார்.
பத்தைச் சேர்த்து எழுதினேன்.

முதலில் கண்டவர் கிண்ணியா அசனார் லெவ்வை,
இறால் வலையோடு இரவெல்லாம் தோணியில் கிடந்தவர்.
"மழைக்குள்ளால வெளிச்சமொண்டு தாழ வந்திச்சு.
எனக்கு மேலதான் எண்டு குப்புறப் படுத்திட்டன்.
பெரிய சத்தம் போன பொறகு
கீச்சுக் கீச்செண்டு...
சந்தை முழுக்க
இருட்டுக்குள்ள திறந்தாப்போல."

பட்டியலில் ஆறாவது:
ஒருநாள் வயதுக் கோழிக்குஞ்சு, வெள்ளை லெகோர்ன்,
ஆயிரத்து இருநூறு, அரசாங்கப் பண்ணைக்கு.
ஏழாவது தையல் மெஷின் தலைகள், நாற்பது.
எட்டாவது பற்பசை.
வால்பகுதி உடைந்து கண்டல் வேரில் உட்கார்ந்திருந்தது,
உள்ளே சில பெட்டிகள் நனையாமல்.

உயிருள்ளவற்றுக்கு வரி உண்டு.
செத்தவற்றுக்கு வேறு படிவம்.
நிற்காத ஒன்றை எப்படி எண்ணுவது?
ஒரு பெட்டியிலிருந்து எடுத்து மறுபெட்டியில் போட்டுப் போட்டு
ஐந்தைந்தாய்க் கோடு கிழித்தேன்.
கை முழுக்கப் பெட்ரோல் நாற்றம்,
அதில் ஒட்டிய மஞ்சள் பஞ்சு.
நானூற்றுப் பதினொன்று.

மூன்று பேர் தார்ப்பாயின் கீழ் இருந்தார்கள்.
என் பட்டியலில் அவர்களுக்கு வரி இல்லை.
நனைந்த பதிவேட்டில் பெயர்கள் கிடைத்தன:
மஸ்கரேனஸ். பக்‌ஷி. ரேடியோக்காரர் தேவசகாயம்.

தேவசகாயத்தின் தோல் கோட்டு
கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தது.
ஆஸ்பத்திரி ஆள் அதைத் திறந்தபோது
உள்ளே ஏதோ அசைந்தது.
எல்லோரும் ஓரடி பின்வாங்கினோம்.

இரண்டு குஞ்சுகள்.

மேலே குளிர் அதிகமாய் இருந்திருக்கும்.
நடுங்கிய இரண்டைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்,
காதில் கருவியோடு,
கீழே யாரிடமோ காற்றின் திசை கேட்டபடி.

"இவை சரக்கா, அவருடைய சொந்த உடைமையா?"
துரை கேட்டார். நிஜமாகவே கேட்டார்.
பெட்டிக்கு வெளியே கண்டெடுத்தவை பற்றி
விதியில் ஒன்றும் இல்லை.

நானூற்றுப் பதின்மூன்று.
பழைய எண்ணை ரப்பரால் அழித்ததில்
தாள் அந்த இடத்தில் ஓட்டை விழுந்தது.

பிற்பகல் முழுக்க விளக்குக்காரர் தில்லையம்பலம்
எங்கள் பின்னாலேயே நடந்தார்.
ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.
"இருபத்திரண்டும் கொளுத்தினனான்" என்றார்.
துரையிடம் சொன்னார். லெவ்வையிடம் சொன்னார்.
தார்ப்பாயைப் பார்த்தும் சொன்னார்.
"காத்து அணைக்க அணைக்கத் திரும்பக் கொளுத்தினனான்.
அவங்கள் பாத்த நேரம்
எது எரிஞ்சது, எது எரியேல்லை எண்டு
ஆரால சொல்ல ஏலும்?"

அந்தியில் லொறி குஞ்சுகளை ஏற்றிப் போனது.
அவர் மண்ணெண்ணெய் வாளியோடு ஓடுபாதையில் இறங்கினார்.
அன்றைக்கு எந்த விமானமும் வருவதாக இல்லை.
"வாங்கோ, எண்ணிப் பாருங்கோ,
நீங்கள்தானே எண்ணுற ஆள்."

ஈரத் தாரில் ஒவ்வொன்றாய் நடந்து எண்ணினேன்.
பதினெட்டில் ஏனோ திரும்பிப் பார்த்தேன்.
ஏழாவது அணைந்துகிடந்தது.
அவரும் கண்டார்.

இருபத்திரண்டு என்றேன்.
அதற்குள் அவர் தீப்பெட்டியோடு
ஓடத் தொடங்கியிருந்தார்.